லேபிளைச் சுரண்டிய டப்பா

எட்டு மாத்திரை குறைந்தது. ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து தரும் இடம்) மிச்சத்தை எண்ணிய செவிலியர் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். விழுங்கியவர் என் கணவர். போட்டதை மறந்துவிட்டு, எட்டு நாள் இன்னொன்றும் போட்டிருக்கிறார்.

நடைக்கூடத்தில் நான் முந்தானையால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தேன். அவரோ பக்கத்து ஆளிடம் தான் லாரி ஓட்டிய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தப்பு என்னுடையதும்தான். இதே மாத்திரை வாங்கும் உங்களில் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். வீடு திரும்பும் பஸ் புதுச்சத்திரம் வருவதற்குள் டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டிவிடுவேன். கேட்பவர்களுக்கு அது சர்க்கரை மாத்திரை. பதினெட்டு வருடமாக எங்கள் அலமாரியில் பெயரில்லாத இரண்டு டப்பாக்கள், அவருக்கொன்று எனக்கொன்று.

டாக்டர் அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார். எண்களெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நின்றன. அறிவாற்றல் குறைபாடு (நினைவும் யோசனையும் மெல்லத் தேய்வது) என்றார். வயதும் கிருமியும் சேர்ந்து செய்யும் வேலையாம். கூடுதலாக விழுங்கியது பாதித்திருக்கிறதா என்று பார்க்க அவருக்குச் சிறுநீரகச் சோதனை எழுதினார். இதே மருந்தால் எனக்கு ஏற்கெனவே எலும்புத் தேய்மானம்.

"டப்பா மேல பெருசா எழுதி ஒட்டுங்கம்மா. மாத்திரை போட்டதும் அவரையே காலண்டர்ல அன்னைக்குத் தேதியை அடிக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, முதல்முறையாக லேபிளைச் சுரண்டாமல், அதன் மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னத்துக்கு அம்மிணி இது?"

"எச்.ஐ.வி.க்குங்க. நம்ம ரெண்டு பேத்துக்கும்."

"அட சாமி! உனக்கு எப்புடி வந்துச்சு?"

‘உங்ககிட்ட இருந்துதான்’ என்ற அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் சண்டை போட்டவள் நான். சொன்னால் அவர் தலை குனிவார். அந்தக் குனிவுதான் எனக்குக் கிடைத்த ஒரே நியாயம். இனி அதுவும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. நோய் இருவருக்கும், மறதி மட்டும் அவருக்கா?

"தெரியலீங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத அம்மிணி. நான் இருக்கறனல்லோ."

பதினெட்டு வருடம் முன்பு பரிசோதனை முடிவு வந்த அன்று, என்னைத் தனியே விட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனவர் இவர்.

இப்போது தினமும் காலையில் தேதியை அடிக்கிறார், தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார், கையைப் பிடிக்கிறார். பொறாமை குறையவில்லை. என் முழங்காலுக்கு அறுபது வயது. அவர் பிடிக்கும் கைக்கு மட்டும் இன்னும் நாற்பத்திரண்டு. அவர் கணக்கில் தினமும் இன்றுதான் அந்த முடிவு வந்திருக்கிறது, இந்த முறை அவர் எங்கும் போகவில்லை.