பெட்ரோல் இல்லாத வண்டிக்குக் காட்டிய சூடம்

அந்த வண்டியைப் பார்த்தாலே காசிமாயனுக்குப் பற்றிக்கொண்டு வரும். சுற்றிக் கிளப்ப ஹேண்டில் கிடையாது. புகை கிடையாது. முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாகப் பாட்டரி.

"பொணம் போற மாதிரி போகுது பாரு, சத்தமே இல்லாம" என்று, அதைப் பார்த்துக்கொள்ளும் இஸ்மாயிலின் காதில் விழும்படியே சொல்வான்.

மதுரைச் செல்லூரில் தவசி முதலாளிக்கு வாடகைக் கார் செட்டு. அதில் நாலு பெட்ரோல் கார். மீசை அரும்பிய காலத்திலிருந்து காசிமாயன் அங்கேதான் பிட்டர். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் என்றானதும், சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துரையிடம் முதலாளி இந்தப் பழைய மின்சாரக் காரை வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்ள காஜிமார் தெரு சேக் இஸ்மாயிலை வைத்தார். ரேடியோக் கடைகளுக்குப் பாட்டரி சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் அவர்.

பெட்ரோல் காருக்கு வேலை ஓயாது. பிளக்கில் கரி சுரண்ட வேண்டும், வால்வு தேய்க்க வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும். காசிமாயன் சாப்பிடும் சோற்றிலும் கிரீஸ் வாடை அடிக்கும். இஸ்மாயிலோ காய்ச்சி வடித்த தண்ணீரைப் பாட்டரியில் ஊற்றுவார், முனையில் பூத்த பச்சையைத் துடைப்பார், மோட்டாரில் கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்குப் போவார். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தச் சட்டை முழுக்க ஆசிட் தின்ற ஓட்டை. காசிமாயன் கிட்டப் போனதில்லை.

இரண்டு தொழிலாளியை முறைத்துக்கொள்ள விட்டு வேடிக்கை பார்ப்பது முதலாளிமாருக்குப் பழக்கமான வித்தை. தவசி அதைச் சிரித்துக்கொண்டே செய்தார்.

"ஆயுத பூசை முடியட்டும் காசி. பெட்ரோல் வண்டி நாலையும் தள்ளிவிட்டுர்றேன். இதுக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆளு போதும்ல?"

வீட்டில் பெண்டாட்டி பாண்டியம்மாளுக்கு நிறைமாதம். காசிமாயன் அன்றைக்குக் கையில் இருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தான்.

ஆயுத பூசை வந்தது. செட்டில் மூத்த பிட்டர்தான் ஒவ்வொரு வண்டிக்கும் சூடம் காட்டுவான். காசிமாயன் அதில் கண்டிப்பானவன். பெட்ரோல் குழாயை அடைப்பான், வண்டியை வெளிக்காற்றுக்குத் தள்ளுவான், எஞ்சின் ஆறிய பிறகு எட்ட நின்று தட்டைச் சுற்றுவான். நாலு காருக்கும் அப்படியே செய்தான். மின்சாரக் காரை மட்டும் வெளியே தள்ளவில்லை. மூலையில் அதன் மூடியைத் திறந்தான். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போக வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்ததால் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டரிக்குள் கொப்புளம் வெடிக்கும் சத்தம் கேட்டது.

இஸ்மாயில் ஓடிவந்தார். "அண்ணே, நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகாதீக. சார்ஜ் ஏறுறப்ப ஒரு வாயு வரும். பிடிச்சுக்கும்."

"பெட்ரோலே இல்லாத வண்டியில என்னடா பிடிக்கும்? எங்க பூசையில நீ சட்டம் பேசுறியா?"

"பூசை பண்ணுங்க, வேணாங்கல. வெளிய வச்சுப் பண்ணுங்க."

"அட, காட்டுப்பா. நேரமாகுதுல்ல" என்றார் முதலாளி.

காசிமாயன் வீம்புக்கே தட்டை மூடிக்குள் நீட்டினான்.

குண்டு போட்டதுபோல் வெடித்தது. பாட்டரி உடைந்து ஆசிட் அவன் முகத்தில் அடித்தது. யாரோ பிடரியைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் தலையை அமுக்கினார்கள். திமிறினான். "அசையாத! கண்ணு போயிரும்டா!" குரல் இஸ்மாயிலுடையது.

போலீஸ் ஏட்டு வருவதற்குள் முதலாளி காசிமாயன் பக்கத்தில் வந்து குந்தினார். குரலில் தேன் வழிந்தது.

"காசி, அவன் வேணும்னே கரண்டைக் கூட்டி வச்சுட்டான்னு சொல்லிரு. யுத்தக் காலம், நாசவேலைன்னு எழுதிக்கிருவாங்க. காட்டச் சொன்னது நாந்தான்னு பேச்சு வரக்கூடாது. வண்டிகளை விக்கல. செட்டு உன் பொறுப்பு."

ஒரு கண் திறக்கவே இல்லை. மற்ற கண்ணில் இஸ்மாயில் தெரிந்தார். சுவரோரம் நின்று, வெந்த தன் கைகளை உதறிக்கொண்டிருந்தார். அந்த ஆளை இப்போதும் பிடிக்கவில்லை. பாண்டியம்மாள் முகம் வந்து போனது.

"என்னப்பா நடந்துச்சு?" என்றார் ஏட்டு.

"நெருப்பைக் கொண்டுபோனது நான். அவன் வேணாம்னான். மொதலாளி காட்டுன்னாரு. காட்டுனேன்."

"மருந்து மயக்கத்துல உளறுறான்" என்றார் முதலாளி.

"மருந்து எங்கய்யா போட்டீக? வெறும் தண்ணிதான ஊத்துனான்!" என்று கத்தினான் காசிமாயன்.

அன்றே இருவருக்கும் வேலை போனது. தெருவில் இஸ்மாயில் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னப்பவே கேட்டிருந்தா ரெண்டு பேருக்கும் சோறு இருந்திருக்கும்."

"உன்கிட்டச் சர்ட்டிபிகேட்டு கேட்டேனா? போய்யா."

அதற்குப்பின் அவர்கள் பேசியதில்லை. காசிமாயன் கொட்டாம்பட்டிப் பக்கம் பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்த வாயுவில் ஓடும் லாரிகளில் கரியள்ளிப் பிழைத்தான். இடது கண் வெளுத்தே போனது. அங்கேயும் ஆயுத பூசை வரும், சூடம் காட்டக் கூப்பிடுவார்கள். தட்டைத் தொடமாட்டான். "மொதல்ல பாட்டரியைக் கழட்டி வெளிய வைங்கடா" என்று கத்துவான். ஏன் என்று கேட்டவனுக்குக் கெட்ட வார்த்தைதான் கிடைக்கும். கழற்றும்வரை வண்டிக்குக் குறுக்கே நிற்பான்.