சேஃப்டி ஆபீசரும் இட்லி மாவும்

குவைத்தில் சேஃப்டி ஆபீசராக வேலை பார்த்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்து ஸ்ரீரங்கத்துக்கே திரும்பி வந்தேன். திருச்சி விமான நிலையத்தில் உடம்பு மட்டும்தான் இறங்கியது. பதவி இறங்கவில்லை. வந்த வாரமே ஒரு கல்யாண மண்டபத்தில் தீயணைப்புக் கருவியைத் திருப்பிப் பார்த்து, அது காலாவதியாகிவிட்டது என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். அவர் கும்பிட்டு, "நீங்க முதல்ல சாப்பிட்டுடுங்க" என்று முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அங்கே இருந்த காலத்தில் என் மனைவி வீட்டின் முன்னறையில் இட்லி மாவு வியாபாரம் தொடங்கியிருந்தாள். போனில் சொல்லித்தான் இருந்தாள். பொழுதுபோக்கு என்று நான் நினைத்திருந்தேன். வந்து பார்த்தால் அறை முழுக்க கிரைண்டர்கள், உதவிக்கு ஓர் அக்கா, அம்மா மண்டபம் ரோடு வரை வாடிக்கை.

எனக்குக் கை அரித்தது. கிரைண்டர்களைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டினேன். சுவரில் 'பாதுகாப்பே முதன்மை' என்று எழுதினேன். காலையில் வேலை தொடங்கும் முன் இருவரையும் நிற்க வைத்துப் பாதுகாப்பு உரை ஆற்றினேன். உதவிக்கு வந்த அக்கா கொட்டாவி விட்டாள். என் மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இங்க ஆபீசர் வேலை காலி இல்லீங்க. டெலிவரிக்குத்தான் ஆள் இல்ல. வண்டி ஓட்டுவீங்கல்ல?"

ஓட்டினேன். முதல் வீட்டிலேயே கதவைத் திறந்த பெண்மணி உள்ளே பார்த்து, "மாவுக்காரர் வந்திருக்கார்" என்றார். நான் பாக்கெட்டைக் கொடுக்காமல், குவைத்தில் எனக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று விளக்கினேன். எல்லா வீட்டிலும் விளக்கினேன். வார முடிவில் என் மனைவிக்குப் போன் வந்தது.

"மாவு நல்லாருக்கும்மா. கொண்டு வர்றவரைக் கொஞ்சம் கம்மியாப் பேசச் சொல்லு."

அந்த அவமானத்தில், ஆற்றைத் தாண்டி திருச்சி கண்டோன்மென்டில் இருந்த ஓர் ஏஜென்சிக்கு, மறுபடி வெளிநாடு போக, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். அங்கே காத்திருந்தவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். துறையூரிலிருந்து வந்தவர் பழைய கம்பெனித் தொப்பியைக் கழற்றவே இல்லை. "நான் திரும்பி வந்ததுலேர்ந்து அங்க கிரேன் ஒழுங்கா ஓடலையாம்" என்றார். பக்கத்தில் இருந்தவர், தான் இல்லாமல் அங்கே ஒரு வால்வைக்கூடத் திறக்கப் பயப்படுகிறார்கள் என்றார். நான் வாயைத் திறக்கவிருந்தேன். நான் சொல்ல நினைத்ததும் அதேதான். எனக்குச் சிரிப்பு வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அலுவலர், "இப்ப என்ன பண்றீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். துறையூர்க்காரர், "சும்மாத்தான் இருக்கேன் சார்" என்றார். என் முறை வந்தது.

"மாவு வியாபாரம்."

"சொந்தமாவா?"

"வீட்டுல அவங்களோடது. நான் டெலிவரி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க வீட்டுக்கும் போடுவீங்களா? இங்க பின் தெருதான். கடை மாவு வாங்கினா இட்லி கல்லு மாதிரி இருக்கு."

என் அனுபவத்தைப் பற்றி இத்தனை ஆவலாக ஒருவரும் விசாரித்ததில்லை. விலாசத்தை வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டாமலே எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி யோசித்தாள். "ஒரு வீட்டுக்காக ஆத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போனா பெட்ரோலுக்கே கட்டாதுங்க. இன்னும் நாலஞ்சு வீடு பிடிங்க, பார்ப்போம்."

மறுநாள் ஒரு தூக்கில் மாதிரிக்குக் கொஞ்சம் மாவோடு அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது வீட்டு அம்மா கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, "யாருங்க?" என்றார்.

"மாவுக்காரங்க" என்றேன்.

"தோசைக்கும் வருமா?"

"வரும்மா. ரெண்டாம் நாள்தான் நல்லா வரும்."

அவர் பாத்திரம் எடுத்துவர உள்ளே போனார்.