குடிபூரல் சாமானும் ஐஸ் றோட்டும்

ஏரிக்கரையில் காவல்காரனின் தகரக் கொட்டிலுக்கு முன்னால் நின்று என் சகலன் கை நீட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். ஜக்கெற் திறந்தபடி கிடந்தது. அவருக்குப் பின்னால் உறைந்த ஏரி. ஐஸுக்கு மேல் தண்ணீர் மெல்லியதாகப் படர்ந்து மினுங்கியது. நல்ல வெயில். எங்கள் ஆட்களுக்கு கனடாவில் வெயிலைக் கண்டால் முகம் மலரும். அன்று எனக்கு அது பிடிக்கவில்லை. மார்ச் மாதத்து வெயில் ஐஸ் றோட்டைத் தின்றுவிடும். நான் ட்ரக்கின் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன கதைத்தாலும் அந்தக் காவல்காரன் விடப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. சகலனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கதைத்தால் எதையும் வெல்லலாம் என்று நம்பிய மனிசன் அவர். அந்த நம்பிக்கையால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

சகலன் என்றால் என் மனைவியின் அக்காவின் கணவர். நான் அவரை அண்ணை என்பேன். இருவரும் சேர்ந்து ஒரு ட்ரக் வைத்திருந்தோம். ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிறம்ரன் யார்டில் சாமான் ஏற்றி, ஒன்ராறியோவின் வடக்கு முடிவுவரை கொண்டுபோவது எங்கள் வேலை. அங்கே பல ஊர்களுக்கு றோட்டு இல்லை. கோடையில் சேறும் காடும் ஏரியும். போவதென்றால் சின்ன விமானம்தான். பனிக்காலத்தில் ஏரிகள் இறுகியதும் பனியை அமத்தி, தண்ணீர் ஊற்றி உறைய வைத்து ஒரு பாதை போடுவார்கள். அது தை மாதத்தில் திறந்து சில கிழமைகள் கிடக்கும். டீசல், பலகை, சீமெந்து, மெசின் என்று பாரமான எல்லாமே அந்தக் கிழமைகளுக்குள் போய்ச் சேரவேண்டும். தவறினால் அடுத்த பனிக்காலம்தான். அந்த ஐஸில் ஓடுவதற்கு ஒழுங்கு இருக்கிறது. நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஓடலாம். வேகம் கூடினால் ஐஸுக்குக் கீழே தண்ணீர் அலையெடுத்து முன்னுக்கு உடைக்கும். பெல்ற் போடக் கூடாது. எந்தக் குளிரிலும் கண்ணாடி திறந்திருக்கவேண்டும், விழுந்தால் வெளியே பாய்வதற்கு. மற்ற டிரைவர்மார் அந்த ஏரிகளில் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவார்கள். சகலன் அங்கேயும் வாய் மூடமாட்டார். திறந்த கண்ணாடியால் வருகிற காற்றில் காது விறைக்கும். அதற்குள் அவர் ஆரோ ஒருவரின் கலியாணத்தில் சோறு காணாமல் போன கதை சொல்லிக்கொண்டிருப்பார்.

நாங்கள் போகிற ஊர் பூர்வகுடிகளின் ஊர். அதற்கு முன்னால் ஒரு பெரிய அணை இருக்கிறது. அணைவரைக்கும் வருசம் முழுக்க ஓடக்கூடிய நல்ல றோட்டு உண்டு. அணை கட்ட வந்தவர்களுக்கு றோட்டு வேண்டும்தானே. அணையோடு அந்த றோட்டு முடிந்துவிடும். அங்கிருந்து ஏரியைக் கடந்தால்தான் ஊர். அணை மறித்த தண்ணீர் மூடியது அந்த ஆட்கள் வேட்டைக்குப் போன காட்டை. அதில் எடுக்கிற கரண்ட், பெரிய இரும்புக் கோபுரங்களில் ஏறித் தெற்கே எங்கள் பக்கம் வருகிறது. ரொறன்ரோவில் நாங்கள் கரண்டுக்கே ஹைட்ரோ, அதாவது தண்ணீர், என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். அணையின் தண்ணீரை ஜன்னலால் பார்க்கக்கூடிய அந்த ஊரில் எரிந்தது டீசல் எஞ்சின். அந்த டீசலையும் நாங்கள்தான் ஐஸில் ஏற்றிக்கொண்டு போனோம். இதை முதல்முறை கண்டபோது எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியபின் கோபம்தான் வந்தது.

அந்த ஊரில் இருந்த ஒரே கடையை ஒரு அம்மா நடத்தினார். எங்களைவிட வயது கூட. கதை கொஞ்சம், குத்தல் நிறைய. சகலன் அவரை முதல்நாளே "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். அர்த்தத்தைக் கேட்டறிந்து, அந்த அம்மாவும் சரி என்று விட்டுவிட்டார். அவர் இங்கிலிசில் சொன்னதை நான் எங்கள் பேச்சில்தான் எழுதமுடியும். அவருக்கு ஒரு புது வீடு கட்டி முடிந்திருந்தது. கடைக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டின பிளாஸ்ரிக் கூட உரிக்கவில்லை. ஆனால் குடிபோகமுடியாது. ஊர் எஞ்சின் தாங்குகிற அளவு முடிந்துவிட்டது. இன்னொரு வீட்டுக்கு வயர் கொடுத்தால் எல்லா வீடும் அணைந்துபோகும். அதனால் அந்த அம்மா மகளின் வீட்டில், பேரப்பிள்ளைகளுக்கு நடுவில், சோபாவில் படுத்துவந்தார்.

"அக்கா, உங்கடை ஜன்னலுக்கு நேரையெல்லோ அணை நிக்குது. அதிலையிருந்து ஒரு வயரை இழுத்துத் தரச் சொல்லிக் கேக்கிறதுதானே?" என்றார் சகலன்.

"கேட்டனாங்கள். ஒவ்வொரு கோடைக்கும் பிளேனிலை வருவினம். வயர் வாற வழியெண்டு சுவரிலை மப் ஒட்டுவினம். சான்விச் சாப்பிடுவினம். திட்டத்தை இன்னும் படிக்கினமாம். என்ரை பேரன் படிச்சு முடிச்சிட்டான், இவை இன்னும் முடிக்கேல்லை."

"றோட்டு?"

"அதுக்கு வேறை ஆக்கள் வருவினம். அவையும் சான்விச் சாப்பிடுவினம்."

கடைசியில் ஊருக்கு ஒரு பெரிய புது எஞ்சின் வாங்கினார்கள். அதை ஏற்றுகிற வேலை எங்களுக்குக் கிடைத்தது. அது போய்ப் பூட்டினால் அந்த அம்மாவின் வீட்டுக்கு வயர் வரும். சகலனுக்குத் தலைகால் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் நிறைந்த அஜின்கோர்ட்டில் சாப்பாட்டுக் கடை, சாமான் கடை எல்லாம் சொல்லித் திரிந்தார், வடக்கில் எங்கடை அக்காவுக்குக் குடிபூரல் என்று. புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுகிற அந்தக் கொண்டாட்டத்துக்கு எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஆள் ஆரென்று தெரியாமலே சனம் சாமான் கொடுத்தது. பெட்டி ஃபிரீசர் ஒன்று, கரண்ட் அடுப்பு ஒன்று, சோபா, அரிசி மூட்டை, மீன் ரின், வெங்காயம், பால் காய்ச்சப் பெரிய பானை. இவ்வளவையும் நான் ரயர் மாற்றப்போன நேரத்தில் சகலன் ட்ரக்கின் முன்பக்கம் அடுக்கிவிட்டார். கொழும்புக்குப் போகிற சூட்கேசை அடுக்குவோமே, அப்படி. ஃபிரீசருக்குள் மீன் ரின். அடுப்புக்குள் கம்பளி. ஒரு பொட்டு இடம் விடவில்லை. பிறகு எஞ்சினைப் போர்க்லிப்ட்டால் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கதவைப் பூட்டினார்கள். நான் வந்து கதவைத்தான் கண்டேன்.

சுப்பீரியர் ஏரிப் பக்கத்து ஏற்றங்களில் ட்ரக் முக்கியது.

"என்ன அண்ணை, பாரம் கூடவாக் கிடக்கு?" என்று கேட்டேன்.

"எதிர்க்காத்து" என்றார்.

மரத்தில் ஒரு கொப்பு அசையவில்லை. எனக்கு அப்போதே வாகனத்தை ஓரங்கட்டிப் பார்க்கத் தோன்றியது. ஆனால் அவர் மூத்தவர். காற்று என்றால் காற்றுத்தான்.

ஏரிக்கரைக் காவல்காரன் சக்கரங்களுக்குக் கீழே தராசுப் பலகை வைத்து நிறுத்தான். வெயிலால் அன்று காலை பாரத்தின் எல்லையைக் குறைத்திருந்தார்கள். எஞ்சினோடு மட்டும் போயிருந்தால் மட்டுமட்டாகத் தப்பியிருப்போம். அவன் கடதாசியைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். உள்ளே வேறு என்ன என்று கேட்டான். சகலன் சிரித்துக்கொண்டு, வீட்டுச் சாமான் என்றார். அதை இறக்கிப்போட்டுப் போ என்றான். நியாயமான பேச்சு. ஆனால் சாமான் முன்னுக்கு, கதவு பின்னுக்கு, நடுவில் மலை மாதிரி எஞ்சின். எஞ்சினை இறக்காமல் ஒரு வெங்காயத்தைக் கூட வெளியே எடுக்கமுடியாது.

போர்க்லிப்ட் இருந்தது அணைக்காரரின் யார்டில் மட்டும். திரும்பிப் போய்க் கேட்டோம். அங்கே நின்றவன் நல்லவன்தான். ஆனால் மெசின் அணை வேலைக்கு மட்டுமாம், மேலிடத்தில் கேட்கவேண்டுமாம். மேலிடம் சாப்பிடப் போயிருந்தது. சாப்பிட்டு வந்து, எழுத்தில் அனுப்பு என்றது. அனுப்பியதும், அதைப் பார்க்கிறவர் நாளைக்குத்தான் வருவார் என்றது. சகலன் அவர்களோடு கதைத்தார், காவல்காரனோடு கதைத்தார், மறுபடி அவர்களோடு கதைத்தார். எங்கள் தலைக்கு மேல் வயர் இரைந்துகொண்டிருந்தது. அவ்வளவு கரண்டும் தெற்கே போகிறது, கீழே ஒரு ஊரின் வெளிச்சம் சங்கிலி போட்டு ட்ரக்குக்குள் கிடக்கிறது. அதைத் தூக்கிவிட ஒரு மெசின் சாவி கிடைக்கவில்லை.

பின்னேரம் மழை தொடங்கியது. காவல்காரன் தடுப்பை இழுத்துப் போட்டான். றோட்டுப் பூட்டியாயிற்று, அந்த வருசத்துக்கு முடிந்தது என்றான். சகலன் ட்ரக்குக்குள் ஏறி இருந்தார். ஜக்கெற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு, "ஒரு குடிபூரலுக்கு வெறுங்கையோடையே போறது, நீர் சொல்லும்?" என்றார்.

"வெளிச்சமெல்லோ கொண்டு போனனாங்கள் அண்ணை. அது காணாதே?"

அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மறுமொழி சொல்லவில்லை. அதுவும் முதல் தடவை.

கொட்டிலில் இருந்த போனில் கடைக்கு அடித்தோம். சகலன் போனை வாங்கி, என்னிடம் நீட்டிவிட்டார். நான் சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபிரீசரோ? கரண்ட் இல்லாத வீட்டுக்கு, பனிக்குள்ளை இருக்கிற எனக்கு, ஃபிரீசரோ?" என்று சிரித்தார். சிரிப்பு நீண்டுகொண்டு போய் நின்றது. "பத்திரமாத் திரும்பிப் போங்கோ" என்று வைத்துவிட்டார்.

அடுத்த பனிக்காலம் எஞ்சின் போய்ச் சேர்ந்தது. ஆனால் வீடு ஒரு வருசம் சூடில்லாமல் கிடந்து குழாய் வெடித்து, சுவர் முழுக்கக் கரும்பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆள் இருக்கக்கூடாது என்று வயர் கொடுக்கவில்லை. அந்த வயர் வேறு வீடுகளுக்குப் போயிற்று. சுவரை உரித்துப் புதுப் பலகை அடிக்கவேண்டும். பலகை அதற்கு அடுத்த பனிக்காலம்தான் வரமுடியும். சகலனும் நானும்தான் கொண்டுபோனோம். சுவர் சரியானபோது எஞ்சினில் இடமில்லை. இனி அணை வயர் வரும்வரைக்கும் பொறுக்கச் சொன்னார்கள். அந்த அம்மா மகளின் சோபாவிலேயே கிடந்தார். ஒரு பனிக்காலப் பிழை ஒரு மனிசியின் எத்தனையோ வருசத்தைக் கொண்டுபோயிற்று. இங்கே றோட்டுப் பூட்டினால் இன்னொரு றோட்டால் போவோம். அங்கே இன்னொரு றோட்டு என்ற பேச்சே இல்லை.

சகலன் தன் பிழையைச் சொல்லி ஒருநாளும் அழவில்லை. அது அவர் குணமில்லை. பதிலுக்கு, கண்டவர் எல்லாருக்கும் அந்த வயரைப் பற்றியே கதைத்தார். அஜின்கோர்ட் சாப்பாட்டுக் கடையில் அவரைக் கண்டால் சனம் மேசை மாறி இருந்தது. எம்.பி. எலெக்சனுக்கு வாக்குக் கேட்டு வந்தவரை வாசலில் மறித்து, வடக்கின் மப்பைக் காட்டினார். அந்த ஆள் தன் தொகுதி அதுவல்ல என்று கெஞ்சினார். "கரண்ட் மட்டும் அங்கையிருந்து வேணுமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார். பிறகு அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து, ட்ரக்கை விற்றோம். அஜக்ஸில் மகனின் வீட்டில் இருந்தார். நான் பார்க்கப் போனால் முதல் கேள்வி, "வயர் எங்கை நிக்குதாம்?" என்பதுதான். காட்டுக்குள் கோபுரம் நடுகிறார்கள் என்றேன் ஒருமுறை. "உமக்கு ஆர் சொன்னது? எந்தப் பக்கம்? எத்தினை?" எனக்குத் தெரியவில்லை. "நீர் ஒண்டும் வடிவாக் கேக்கிறேல்லை" என்று ஏசினார். போன இலையுதிர் காலத்தில் கண்ணை மூடிவிட்டார். அப்போதும் வயர் ஊரைத் தொடவில்லை.

இந்தத் தை மாதம் வயர் ஊரைத் தொட்டது. சுவிச்சைப் போடப் பெரிய ஆட்கள் பிளேனில் வந்தார்களாம். வேறு எப்படி வருவது? றோட்டுத்தான் இல்லையே. மறுநாள் என் போனில் அந்த அம்மாவின் முகம் வந்தது. அவர் தன் வீட்டுக் குசினியில் நின்றார். ஒவ்வொரு அறையாகப் போய், ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டுக் காட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி அறைக்கு வந்ததும், "எங்கை உன்ரை ஆள்? அவனைக் கூப்பிடு. அவன் கதைச்ச கதைக்கு நான் காட்டவேணும்" என்றார்.

சொன்னேன். எப்போது, எப்படி என்று இரண்டு வசனம். போன் கொஞ்சநேரம் கூரையைக் காட்டியது. பிறகு அவர் முகம் திரும்பி வந்தது.

"நீ அவனைப்போலக் கதைக்க மாட்டாய்."

"மாட்டன் அக்கா."

"பரவாயில்லை. வந்து பேசாமல் இரு. எனக்கு இந்த வீட்டிலை இருத்திவைச்சுச் சாப்பாடு குடுக்க ஒரு ஆள் வேணும். நாங்கள் இஞ்சை காத்திருந்தது உங்கள் ரண்டு பேருக்கும் தெரியும். மற்றவைக்கு விளங்கப்படுத்தி எனக்கு அலுத்துப்போச்சு."

"வாறன்" என்றேன்.

வைத்தபின் மனைவி கேட்டாள், "என்னவாம்?"

"வரச் சொன்னவ."

"எப்ப போறியள்?"

"லேக் உறையட்டும். பிளேனிலை எண்டால் வெறுங்கையோடையெல்லோ போகவேணும்."

அவள் ஜன்னல் சீலையை விலக்கினாள். தை மாதம். ஸ்காபரோவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வடக்கிலும் மழையாம், அந்த அம்மா சொன்னவர். றோட்டு இந்த வருசம் இன்னும் திறக்கவில்லை.