காசிராஜன் போட்ட டிரைவர்

என் அக்கா அனுசியாவின் புருஷன் காசிராஜனுக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. இதை அவரே சொல்வார். போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஏலக்காய் வியாபாரிகளின் பிரிண்டர், எஸ்டேட் ஆபீஸ் கேமரா எல்லாம் அவர் கைக்கு வந்துதான் போகும். சில மறுநாளே திரும்பி வரும். "அது மெஷினோட தலையெழுத்து மாப்ளே" என்பார். "என் தப்பு" என்று அவர் சொல்லி, கல்யாணமான நாளிலிருந்து அக்கா கேட்டதில்லை.

பக்திமான் வேறு. ஆயுத பூசையன்று அவர் கையில் அகப்படும் எந்த மெஷினும், மவுஸ் உட்பட, சந்தனப் பொட்டு வாங்காமல் தப்பாது.

அக்கா மலையடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். ஜீப்பில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவியிடம் கேட்டுக் கேட்டு, வரைபடம் போடும் கால்குலேட்டர்கள் ஒரு பெட்டி நிறைய வரவழைத்திருந்தாள். போடிமெட்டுச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் போனில் உயரம் பார்த்துவந்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். அதைக் கால்குலேட்டருக்கு அனுப்பினால், அவர்களுடைய மலை கோடாகத் திரையில் ஏறும். அதற்கு முதலில், சொருகியிருப்பது இன்ன கருவி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் டிரைவர் என்ற புரோகிராமைப் போட வேண்டும். அந்தச் சோலி மச்சானிடம் வந்தது.

போட்டார். கழற்றினார். பழையதைப் போட்டார், புதியதைப் போட்டார். எந்தக் கால்குலேட்டரைச் சொருகினாலும் 'அடையாளம் தெரியாத சாதனம்' என்றே கம்ப்யூட்டர் சாதித்தது. மச்சான் கேபிளைத் திட்டினார், விண்டோஸைத் திட்டினார், கால்குலேட்டர் செய்த கம்பெனிக்காரனின் வம்சத்தையே இழுத்தார். "வெரசா முடிஞ்சிரும்" என்று சொல்லிச் சொல்லியே பெற்றோர் கூட்டம் வரை ஓட்டிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் வேலை செய்யாவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று தலைமையாசிரியர் ஜக்கையன் முன்பே சொல்லியிருந்தார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். மச்சான் சொருகினார். அதே பதில்.

"டீச்சர் ஆசப்பட்டு வாங்குனாங்க, யாரோ ஓட்டை உடைசலத் தலையில கட்டிட்டாங்க" என்று பெற்றோரிடம் சிரித்தார் ஜக்கையன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சான் கேபிளை உருவினார். போடியில் மூச்சு விட்டாலே ஏலக்காய் வாசம்தான்; அதனால் வேறு வாசம் வந்தால் மூக்கு சும்மா இருக்காது.

"மச்சான், சந்தனம் வாசம் அடிக்குதே" என்றேன் மெதுவாக.

கேபிள் முனையைப் பார்த்தார். மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது. அவர் முகம் செத்துப்போனது. பெட்டி வீட்டுக்கு வந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். மனுஷன் ஆசையாக அத்தனை கால்குலேட்டருக்கும் பொட்டு வைத்திருக்கிறார். திரையில் வைத்தால் அழுக்காகுமே என்று பதவிசாக உச்சந்தலையில். கேபிள் சொருகும் துளையும் அங்கேதான் இருக்கிறது. மேலே துடைத்துவிட்டார், உள்ளே போனது காய்ந்து கெட்டியாகிவிட்டது.

டிரைவர் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

"சார், டீச்சர் வாங்குனது நல்ல சாமான்தான். கெடுத்தது நானு. பூசை போடுறேன்னு ஓட்டையில சந்தனத்த அப்பிட்டேன். என் தப்பு."

அக்கா தலை நிமிர்ந்தாள்.

முன்வரிசையில் இருந்த முத்துப்பேச்சி என்ற அம்மா, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். "காஞ்ச சந்தனந்தானண்ணே. இங்கிட்டுக் கொண்டாங்க."

மற்ற பெண்களும் ஊக்கை எடுத்தார்கள். மச்சான் பேட்டரியைக் கழற்றிக் கழற்றிக் கொடுக்க, அவர்கள் பூப்போலச் சுரண்டித் தட்டினார்கள். வகுப்பறை கோயில் மாதிரி மணத்தது. திரும்பச் சொருகியதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. சின்னத் திரையில் ஒரு கோடு கிடுகிடுவென்று மேலே ஏறியது.

"அந்தா, எங்க ஜீப்பு மூச்சு வாங்குற எடம்" என்று முத்துப்பேச்சி விரலை வைத்துக் காட்டினாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ தானே காசு போட்டு வாங்கியவர்போல ஜக்கையன்தான் முதலில் கைதட்டினார்.

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டில் கேபிள் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து, அவர் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தாள்.

"இங்க ஓட்டை ஏதுமில்ல. தைரியமா வைக்கலாம்" என்றாள்.