ஆசிட் வாளியை உதைத்த ஆரோக்கியம்

கொத்தனார் ஆரோக்கியம் இன்று காலை போய்விட்டான். அவன் மகள் போனில், “பெரியப்பா, அப்பா எந்திரிக்கவே இல்ல” என்றாள்.

கடையைத் திறந்து உட்கார்ந்தேன். கை ஓடவில்லை... அதனால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் என் பெயின்ட், ஹார்டுவேர் கடை அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. நவம்பர் கல்லறைத் திருநாள் எனக்கு நல்ல சீசன். அதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்.

அந்த வருடம் கல்லறைத் தோட்டத்துக் கமிட்டி, பழைய கற்களைச் சீர்செய்யக் கொட்டேஷன் கேட்டது. ஆரோக்கியம் இரண்டு மாதம் ஆகும் என்றான். நான் பத்து நாள் என்றேன். வேலை எனக்கு வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆசிட் விற்கத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் கை வைத்தது ஜெசிந்தா என்ற குழந்தையின் கல். சின்னப் பளிங்குப் பலகை. வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு அதன் மேல் தோசை கனத்துக்கு ஏறியிருந்தது.

ஆசிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

தன் அப்பா கல்லறையில் புல் செதுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம் ஓடி வந்தான். ஆசிட் வாளிக்கு ஒரு உதை. ஒரு குடம் தண்ணீரை அப்படியே கல்லின் மேல் கவிழ்த்தான்.

“மொதலாளி, கழுவுறீகளா, கரைக்கிறீகளா? நுரைக்கிறது அழுக்கு மட்டும் இல்ல... கல்லும்தான்!”

“வேலை கெடைக்கலன்னு வயித்தெரிச்சலாடா ஒனக்கு?” என்றேன். எங்கள் முதல் பேச்சே அதுதான்.

அவன் என் விரலைப் பிடித்துப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் வைத்தான். வழவழவென்று இருந்தது. எழுத்தே இல்லை.

“இந்தப் புள்ளைக்கு ஒரு போட்டோ கூட கெடையாது. அவுக அம்மா திருப்பரங்குன்றத்துலருந்து வந்து, சுண்ணாம்பு அடிச்சுட்டு, இந்தப் பேரத் தடவிப் பாத்துட்டுப் போவாக.”

விரலை எடுத்துக்கொண்டேன். “மாப்ள, இனி நீயே பாரு” என்றேன்.

“பாக்குறேன். நீங்களும் கூட ஒக்காந்து தேய்க்கணும்.”

தேய்த்தேன். கம்பி பிரஷைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஊறவைத்த தேங்காய் நாரைக் கொடுத்தான். நனைத்த சாக்கைக் கல்லின் மேல் போர்த்தி, சுண்ணாம்பு இளகும்வரை காத்திருந்து, மூங்கில் சிம்பால் செதில் செதிலாக எடுத்தோம். கீழிருந்து மேலாகத்தான் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு வழிந்து கோடு விழும் என்றான்.

விரிசலுக்கு என் கடை சிமென்ட்டைத் தொடவிடவில்லை. சுண்ணாம்புக் காரைதான். “பூச்சு கல்ல விட இளக்கமா இருக்கணும் மொதலாளி. வெடிச்சா பூச்சு வெடிக்கட்டும்.”

திருநாளுக்குள் பாதிக் கற்கள்கூட முடியவில்லை. கமிட்டியிடம் வாங்கிய ஏச்சு தனிக்கதை.

போன எழுத்தை ஆழமாக வெட்டிக் கறுப்பு அடித்துவிடலாம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. “பலகையே மெலிசு. உளி வச்சா ரெண்டாப் போயிரும்.”

“அப்ப, பழைய கல்லு, தானாத் தேஞ்சுருச்சுன்னு சொல்லிருவோம்.”

“கமிட்டிக்கு என்னத்தையும் சொல்லிக்கங்க. அந்தம்மாவுக்கு உள்ளதச் சொல்லணும். நீங்கதான் சொல்லணும்.”

திருநாளுக்கு முந்தின நாள் அந்த அம்மா வந்தார். கையில் மெழுகுவர்த்தி, சுண்ணாம்புப் பொட்டலம், அதை அடிக்க மட்டை.

நான் மெல்ல ஆரோக்கியத்துக்குப் பின்னால் நகரப் பார்த்தேன். அவன் முழங்கையால் என் விலாவில் இடித்தான்.

“அம்மா... நான்தான் தெரியாம ஆசிட்ட ஊத்திட்டேன். மொத எழுத்து போச்சு. மன்னிச்சுருங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவினார். எழுத்து போன இடத்தில் விரல் ரொம்ப நேரம் நின்றது... பிறகு நகர்ந்தது. பெயர், அதற்குக் கீழே ஒரு சின்னப் பூ.

“இங்கிட்டு ஒரு பூ இருந்துச்சு. இவ அப்பா சொல்லிச் செதுக்குனது... நானே மறந்துட்டேன்.”

ஆரோக்கியத்திடம் திரும்பிக் கேட்டார். “சுண்ணாம்பு அடிக்காம விட்டா இது இப்புடியே இருக்குமா தம்பி?”

“இருக்கும்மா. வெறுந் தண்ணி போதும்.”

பொட்டலத்தைப் பிரிக்காமலே என் கையில் கொடுத்தார். “இத நீங்களே வச்சுக்கங்க” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம் வருடக் கணக்காக ஆரோக்கியமும் நானும் சேர்ந்து எவ்வளவோ வேலை செய்தோம். கடைசிவரை என்னை “மொதலாளி” என்றுதான் நக்கலடித்தான்.

நாளைக் காலை அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

அன்றைக்கு விலாவில் இடித்தாயே மாப்ள... அதற்கு நன்றி. நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

போயிட்டு வா.