சாராள் ஆடிய கத்தி கேம்

சாராளால் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. நாசரேத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த கொஞ்ச காலத்துக்குள் மூன்று விடுதி மாறிவிட்டாள். சிப்காட்டில் மின்விசிறி மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் கம்பெனியில் நின்றுகொண்டே செய்கிற வேலை. அதனால்தான் அதில் நீடித்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் தொல்லை. சர்ச் முடிந்ததும் விடுதியில் மற்றப் பெண்கள் துணி துவைத்துப் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். இவள் பஸ் ஏறி ராயக்கோட்டைக்குப் போவாள். மலையை அண்ணாந்து பார்ப்பாள், அடுத்த பஸ்ஸில் திரும்புவாள்.

2008-ல் அப்படித் திரும்பிய ஒரு நாள் மழை பிடித்துக்கொள்ள, அருள்ஜோசப்பின் வீடியோ கேம் கடைக்குள் ஒதுங்கினாள். காலேஜ் பையன்கள் கார் ஓட்டிக்கொண்டும் கிரிக்கெட் ஆடிக்கொண்டும் கத்திக்கொண்டிருந்தார்கள். மூலையில் யாரும் தொடாத பழைய சாம்பல் நிறக் கேம் பெட்டி ஒன்று. அதற்குள் ஜப்பான்காரர்கள் செய்த ஒரு கதை விளையாட்டு இருந்தது. திருட்டுப் பதிப்பு வட்டு. அதன் மேல் யாரோ மார்க்கரால் 'கத்தி' என்று எழுதியிருந்தார்கள்.

“அது வேணாங்க, ரொம்ப ஸ்லோ. இங்க எவனும் அதை முழுசா ஆடினது இல்ல” என்றார் அருள்ஜோசப். மத்தூர்ப் பக்கத்து மனிதர். கடையில் பெண் ஒருத்தி வந்து நின்றதே அவருக்குக் கூச்சம்.

அதனாலேயே சாராள் அதைக் கேட்டு வாங்கி ஆடினாள்.

கதை எளிமையானது. கடல் பொங்கி ஊர்களை விழுங்குகிறது. வாள் ஏந்திய ஒரு பிள்ளை துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு, கடலை அடக்கப் புறப்படுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரையே வைத்தாள். முதல் நாளே அவளுக்குக் கோபம் வந்தது. நாலு எட்டு வைத்தால் திரை சுழன்று சண்டை வந்துவிடும். அதே மூன்று நண்டுகள், அதே இசை. இதுவரை ஆடியதைச் சேமித்து வைக்க வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் இருக்கும் ஒரு கல்லைத் தேடிப் போக வேண்டும். அந்த வருடம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கல்லை நெருங்கும்போது திரை இருண்டுவிட்டால் அன்றைக்கு ஆடியதெல்லாம் போச்சு.

“இதச் செஞ்சவன் ஓசூர்ல ஒரு வாரம் இருந்து பாக்கணும்” என்பாள். எழுந்து வாசல்வரை நடப்பாள். திரும்பி வந்து உட்காருவாள்.

ஆனாலும் விடவில்லை. காரணம் அதில் வரும் படகுக்காரர். தொப்பை விழுந்த கிழவர். சண்டையில் பாதி நேரம் சோம்பல் முறிப்பார், மீதி நேரம் எல்லாரையும் காப்பாற்றுவார். கிடைத்த நல்ல கவசங்களை எல்லாம் அவருக்கே போட்டாள். பாதிக் கதையில் மதகு உடைகிறது. அதைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “நீங்க போங்க” என்று அவர் நின்றுவிடுகிறார். தண்ணீர் மூடிவிடுகிறது. அதோடு கவசங்களும் போய்விடுகின்றன.

சாராள் பழைய கல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கிழவரை இன்னும் பலசாலி ஆக்கினாள். மதகு மறுபடியும் உடைந்தது.

மூன்றாவது தடவை, இதுதான் நடக்கும் என்று தெரிந்து, மதகுக்கு முன்னாலேயே அவருடைய கவசங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அவர் வெறும் சட்டையோடு போய் நின்றார். அதே வார்த்தையைச் சொன்னார். சாராள் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

அருள்ஜோசப் பின்னாலேயே வந்து, “இன்னாங்க ஆச்சு?” என்றார்.

“களவாண்ட மாதிரி இருக்கு” என்றாள். “பொம்மதான. எனக்கு ஏன் இப்படி வருது?”

அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதே மாதங்களில் ஊரிலிருந்து அம்மா வாராவாரம் போன் செய்துகொண்டிருந்தாள். தூத்துக்குடியில் ஒரு மாப்பிள்ளை. நல்ல இடம். “ஏட்டி, அவுக கேக்காவ, என்ன சொல்லட்டும்?” சாராள் வேண்டாம் என்பாள். “சரி, யோசிச்சு வை” என்று அம்மா வைத்துவிடுவாள். அடுத்த ஞாயிறு அதே கேள்வி. மாப்பிள்ளை மேல் குறை ஒன்றுமில்லை. அந்த வீட்டில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே சாராளுக்கு உள்ளங்கால் அரித்தது.

கடைசியில் அம்மா திருநெல்வேலியில் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டாள். விடுதியில் விசாரித்துக்கொண்டு கேம் கடைக்கே வந்து, கைப்பையை மடியில் வைத்தபடி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டத்தான் வந்தாள். திரையில் ஓர் ஊர்த்தலைவன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன கேக்கான் அவன்?”

“எங்களுக்காகச் சண்ட போடுவியான்னு கேக்கான்.”

“மாட்டேன்னு சொல்லு. ஒனக்கு எதுக்கு ஊர்வம்பு?”

சாராள் ‘இல்லை’ என்பதை அழுத்தினாள். தலைவன் முகம் வாடி, அதே கேள்வியைக் கேட்டான். மறுபடி ‘இல்லை’. மறுபடி அதே கேள்வி.

“சரின்னு சொல்லுற வரைக்கும் விடமாட்டான்மா. கேம் அப்படி.”

“அப்ப என்னத்துக்குக் கேக்கணும்?” என்று அம்மா எரிச்சலோடு சொன்னாள். சொன்னவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சாராள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அம்மா அழுதாள். “நான் அவுககிட்ட சொல்லிக்கிடுதேன். இனிமே கேக்க மாட்டேன், போ” என்றாள். அது கோபமா சம்மதமா என்று சாராளுக்குப் பிடிபடவில்லை. அதன்பின் பல வாரம் போனே வரவில்லை. கேள்வி நின்றால் நிம்மதி வரும் என்று நினைத்தவள், ஷிப்டு இடைவேளையில் எல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சாராளே கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். பிறகு, கோழி முட்டை வைக்கவில்லை என்று வெகுநேரம் பேசினாள்.

கேமை முடிக்கத்தான் பாடு. கடைசிக் கோட்டைக்குள் ஒரு கல்கூட இல்லை. இரண்டு தடவை கரண்ட் போய்த் தோற்றாள். அருள்ஜோசப் பக்கத்துத் தையல் கடையிலிருந்து இன்வெர்ட்டர் ஒயர் இழுத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை கடல் அடங்கியது. அரைகுறை ஆங்கிலத்தில் நாலு வரி, பிறகு வரிசையாக ஜப்பான் பெயர்கள். படகுக்காரருடைய ஊரைக் காட்டவே இல்லை.

“இவ்வளவுதானா?” என்று சாராள் எழுந்துவிட்டாள்.

“நல்ல கேமா, மோசமான கேமா? ஒண்ணு சொல்லுங்க” என்றார் அருள்ஜோசப்.

“முடிக்கத் தெரியாதவன் செஞ்சது. நடக்கவிட மாட்டான், வேண்டாம்னாக் கேக்க மாட்டான். ஆனா அந்தக் கெழவர எங்க இருந்து புடிச்சான்னு தெரியல. எங்க பெரியப்பா செத்தப்பகூட நான் இப்படி அழல.”

அடுத்த வருடம் கம்பி சுற்றும் வேலையை விட்டாள். மிக்ஸி கம்பெனி ஒன்றில், வீடு வீடாகப் போய் மோட்டார் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்கூட்டி கற்றுக்கொண்டாள். முதல் வாரமே குந்தாரப்பள்ளியில் சந்தை நாள் என்று தெரியாமல் உள்ளே நுழைந்து, மாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். ஒரு வியாபாரி கன்னடத்தில் அதட்டினான், இன்னொருவன் தெலுங்கில் வழி சொன்னான். இரண்டும் முழுசாகப் புரியாமல், கருவிப் பையை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி மெல்ல மெல்ல முன்னேறினாள்.