வலது பக்கம் மட்டும் திரும்பிய வண்டி

எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் ஒரு காரின் எஞ்சின் இருந்தது. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, எவ்வளவு வேகம் போகும் என்பதுதான். வேகம் தெரியாது. ஸ்பீடோமீட்டர் வைக்க வேண்டிய இடத்தில் ரேடியேட்டர் இருந்தது. எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் தெரியும். வலது பக்கம் போகும்.

வருஷம் 1977. வண்டியைக் கட்டிய என் தம்பி, இன்று ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், அதை எழுபத்தாறு என்பான். எழுபத்தாறில் நான் வேலூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அந்த வண்டி சாலையில் போன கடைசிப் பயணத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே எழுபத்தேழு. இந்தக் கணக்கை அவனிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன். "நீ உக்காந்துகினுதான வந்த, ஓட்டினவனுக்குத் தெரியாதா?" என்பதுதான் அவன் பதில்.

அப்பாவும் அம்மாவும் ஊரில் இருந்தார்கள். போளூர் சாலையில் போய் இடது பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். ஊரில் பாதி எங்களைப் போன்ற ஜைனக் குடும்பங்கள்; எல்லோருக்கும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும்தான் பயிர். நானும் தம்பியும் திருவண்ணாமலையில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தம்பி, அப்பா வாங்கிக் கொடுத்த பழைய காரை டாக்ஸியாக ஓட்டினான். அந்த ஆண்டு ஒரு மழை நாளில் கார் செங்கம் சாலையில் ஒரு புளிய மரத்தில் மோதியது. தம்பிக்கு முன்பல் ஒன்று போயிற்று. காருக்கு எஞ்சினும் கியர் பெட்டியும் தவிர எல்லாம் போயிற்று.

அப்பா வந்து பார்த்தார். பல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை ஓடவிடச் சொல்லிக் கேட்டார். பிறகு, அது ஊருக்கு வந்தால் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் என்றார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பல கிணறுகளில் கார் எஞ்சின்கள்தான் ஓடின. அவர் சொன்னதில் விசித்திரம் எதுவும் இல்லை. ஆனால் எஞ்சின் போனால் அதைப் பார்த்துக்கொள்ளத் தம்பியும் ஊருக்குப் போக வேண்டும். அவனுக்கு டவுனை விட்டுப் போக விருப்பமில்லை.

"இத மோட்டார் சைக்கிள்ல வச்சி ஓட்டப் போறேம்பா" என்றான். அதை அவன் அந்த நிமிஷம் வரை யோசித்திருக்கவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டதால் செய்ய வேண்டியதாயிற்று.

அப்பா எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். "ஓட்டு. இன்ஸ்பெக்டர் பாத்துட்டு ரோட்டுல போலாம்னு சொல்லிட்டா உன்னுது. இல்லன்னா தைக்குள்ள கிணத்துக்கு வந்துடணும். எஞ்சினும் வரணும், நீயும் வரணும்."

அப்போது எங்களுக்குத் தனி மாவட்டம் கிடையாது. அது 1989இல் வந்தது. நாங்கள் வட ஆர்க்காடு. வண்டிகளைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் வேலூரிலிருந்து வருவார். கார்த்திகை தீபத்துக்கு அடுத்த வாரம் வருவதாக இருந்தார்.

தம்பி ஏலத்தில் போன ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, நடுவில் வெட்டி, இரும்புக் குழாய் வைத்து நீட்டினான். எஞ்சின் உள்ளே உட்கார்ந்தபோது வண்டி ஒரு மாட்டு வண்டியின் நீளம் இருந்தது. காரின் கியர் பெட்டியையே வைத்ததால் ரிவர்ஸ் கியரும் வந்துவிட்டது. நிறுத்த ஸ்டாண்டு எதுவும் தாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்ப மரத்தில் சாய்த்து வைத்தோம்.

முதல் நாள் ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வண்டி, யாரோ தோளைப் பிடித்து இழுத்ததுபோல், வலது பக்கம் சாய்ந்தது. விட்டான், நிமிர்ந்தது. திருகினான், சாய்ந்தது. ரேடியேட்டர் காரணம் என்று நினைத்து அதை நகர்த்தினான். பேட்டரியை இடது பக்கம் மாற்றினான். ஓடும்போதும் அப்படித்தான். வலது பக்கம் வளைப்பது சுலபம். இடது பக்கம் வளைக்கப் போனால் வண்டி நேராக எதிரில் இருப்பதன் மேல் போயிற்று.

நான் நூலகத்தில் தேடி ஒரு புத்தகத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தேன். எஞ்சினுக்குள் தண்டு ஒரு பக்கம் சுழன்றால், அதைத் தாங்கும் உடல் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். நாலு சக்கரம் இருந்தால் அது தெரியாது. இரண்டு இருந்தால் தெரியும். இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

"அதுல மருந்து எழுதியிருக்குதா?"

"இல்ல."

"அப்ப மூடி வைய்ணா."

அடுத்த நாள் வீட்டுக்கார அம்மாவின் அம்மிக்கல்லை இடது பக்கம் கட்டினான். இப்போது வண்டி ஓடும்போது வலது பக்கமும் நிற்கும்போது இடது பக்கமும் விழுந்தது. அந்த அம்மா வந்து பார்த்து, "ஏம்பா, நான் சட்னி அரைக்க அதும்பின்னாடியே ஓடி வரணுமா?" என்று கேட்டார். அம்மி திரும்பிப் போயிற்று.

எண்பதுகளில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப் போன பத்திரிகையில் இப்படி ஒரு வண்டியின் படத்தைப் பார்த்தேன். பெரிய கார் எஞ்சின், கீழே இரண்டு சக்கரம், பளபளப்பு. கண்காட்சியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தம்பியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நிக்க வச்சித்தான எடுத்திருக்கான்" என்றான்.

தீபத்துக்கு முந்தைய வாரத்தில்தான் வண்டிக்கு ஏற்ற சாலை ஒன்று இருப்பது தெரிந்தது. திருவண்ணாமலைக்காரர்கள் மலையை எப்போதும் வலது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றினால் பாதை முழுவதும் வலது பக்கமே வளைந்துகொண்டு போகும். தம்பி ஒரு விடியற்காலையில் போய், ஒரு இடத்தில்கூட கால் ஊன்றாமல் சுற்றிவிட்டு வந்தான். டவுனுக்குள் வந்ததும் வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கே இறங்கி ஆள் பிடித்தான். திருப்ப நாலு பேர் வேண்டும். டவுனில் எப்போதும் நாலு பேர் சும்மா நிற்பார்கள். கிரிவலம் போகும் வழக்கமில்லாத குடும்பத்தில் கிரிவலம் மட்டுமே போகும் வண்டி ஒன்று இப்படி வந்து சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில், டவுனை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மைதானத்தில் சோதனை. இப்போது அலுவலகங்கள் இருக்கும் பக்கம். அன்று முள்செடியும் கல்லும்தான். வலது பக்கம் மட்டுமே திரும்பி அங்கே போய்ச் சேர முடியாததால் வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டு போனோம். இன்ஸ்பெக்டர் பருத்த மனிதர். நெற்றியில் திருநீறு, கையில் குடை. முழங்கால் வலியால் சாய்ந்து நடந்தார்.

"இன்னாய்யா இது?"

"மோட்டார் சைக்கிள் சார்."

"ரேடியேட்டர் இருக்குது."

"ஆமா சார்."

"ரிவர்ஸ் இருக்குது."

"அது தானா வந்துடுச்சி சார்."

"கார்னு எழுதட்டுமா?"

"சக்கரம் கம்மி சார்."

இன்ஸ்பெக்டர் குடையால் மண்ணில் பெரிதாக ஒரு எட்டு வரைந்தார். இரு சக்கர வண்டிக்கு அதுதான் சோதனை: காலை ஊன்றாமல் எட்டின் மேல் ஓட்ட வேண்டும். எட்டில் ஒரு சுழி வலது பக்கம், ஒரு சுழி இடது பக்கம். தம்பி முதல் சுழியை அழகாகப் போட்டான். நடுவில் வந்ததும் மறுபடி அதே சுழியில் போனான். மறுபடியும் போனான்.

"சைபர் போடறய்யா! எட்டு போடு!"

"சைபர் நல்லா வருதுங்களா சார்?"

"எட்டு!"

தம்பி இடது பக்கம் திருப்பினான். வண்டி நேராகப் போய் முள்செடியில் நின்றது. நாங்கள் வெளியே இழுத்தோம். இன்ஸ்பெக்டர் அவன் சட்டையிலிருந்து ஒரு முள்ளைத் தானே எடுத்துப் போட்டார்.

"இந்த ஊர்ல இது ஒழுங்கா போற எடம் ஒண்ணுகூட கெடையாதா?"

"மலைய சுத்தும் சார். பூ மாதிரி சுத்தும்."

இன்ஸ்பெக்டர் மலையைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார். ஒரு வேண்டுதல் இருக்கிறது, இந்தக் காலை வைத்துக்கொண்டு முடிக்க முடியவில்லை என்றார். "நீ எந்தக் கோயில்காரன்?"

"நாங்க ஜைனங்க சார். சுத்தறது வண்டிதான்."

அவர் செருப்பைக் கழற்றினார். அதையும் குடையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். டவுனை நோக்கிப் போனார்கள். நான் மைதானத்தில் ஒரு சர்க்கார் அதிகாரியின் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். இந்த மனிதர் திரும்பி வந்து தலையாட்டினால் தம்பி டவுனில் இருப்பான். இல்லையென்றால் ஊருக்குப் போவான். எனக்கு ஆள் கூட இருப்பது பிடித்திருந்தது. இதை அவனிடம் சொன்னதில்லை.

வெகு நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் மட்டும் வெறுங்காலோடு ஒரு ஜட்காவில் வந்து இறங்கினார்.

"ரெண்டு சுத்து" என்றார். "ஒண்ணுதான் கேட்டேன்."

நடந்தது இது. முதல் சுற்று முடிந்து டவுனுக்குள் வந்தபோது, மைதானத்துக்கு வர இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்ப முடியவில்லை. ஆள் வைத்துத் தள்ளினால் பரீட்சை போய்விடும் என்று பயந்து தம்பி நிறுத்தாமல் இன்னொரு முறை சுற்றிவிட்டான். இரண்டாம் முறையும் அதே முனையில் வந்து நின்று, "சார், எறங்கி ஒரு கை போடறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். இன்ஸ்பெக்டர் இறங்கி, எதிரில் நின்ற ஜட்காவில் ஏறிவிட்டார்.

"சுத்தறப்போ ஒரு குலுக்கல் கெடையாது. என் முட்டிக்கு அவ்ளோ சொகமா இருந்துச்சி" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே. "உன் தம்பி கை நல்ல கை. பஸ்ஸுக்கு லைசென்ஸ் வாங்கச் சொல்லு. ஆனா இத ரோட்டுல உட்டா, எதிர்ல வர்றவன் இன்னா பண்ணுவான்? அவன் வேண்டுதலா எடுத்துக்கினு வர்றான்?"

அதோடு முடிந்தது. தம்பியிடம் சொன்னேன். அவன் வேப்ப மரத்தில் சாய்ந்திருந்த வண்டியைத் துணியால் துடைத்தான். எஞ்சினைக் கழற்றி மாட்டு வண்டியில் அனுப்பலாம் என்றேன்.

"அப்பா கையில ஓட்டிக்கினுதான் போய் குடுப்பேன்."

"ஊருக்கு லெப்டுல திரும்பணுமே."

"பாத்துக்கலாம். நீ ஏறு."

மார்கழி பிறப்பதற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். வழியில் மூன்று முறை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். எங்கள் ஊர்ப் பாதை பிரியும் இடத்தில், சாலைக்கு வலது பக்கம், ஒரு பெரிய களம் உண்டு. தம்பி இடது பக்கம் இருந்த எங்கள் பாதையைத் தாண்டிப் போய், வலது பக்கம் களத்துக்குள் இறங்கி, வலது பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்து வந்து, சாலையைக் குறுக்கே கடந்து, நேராக எங்கள் பாதைக்குள் நுழைந்தான். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒருவர் முறத்தை இறக்கிவிட்டுக் கேட்டார்: "இன்னாப்பா, வழி தெரியலயா?"

"தெரியுதுங்க. திரும்பறோம்."

அப்பா எங்கள் ஊர்க் கோயில் முனையில் நின்றிருந்தார். சத்தம் ஏரிக்கரையிலேயே கேட்டிருக்கும். தம்பி அவர் முன்னால் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான். நான் இறங்கினேன்.

"ஒத்துக்கலப்பா."

"சொன்னாங்க." அப்பா வண்டியைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தார். "லெப்டுல திரும்பாதாமே?"

"திரும்பாது."

"கோயில சுத்தறதுக்கு லெப்டு எதுக்கு?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். எங்கள் கோயில் சிறியது. அதைச் சுற்றி நாலு தெரு. தெரு கொஞ்சம் அகலம். நாங்களும் சாமியை வலமாகத்தான் வருவோம். தம்பி ஒரு சுற்று மெதுவாகப் போனான். அப்பா இறங்குவார் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். அவர் அவன் தோளைத் தட்டி, "போ" என்றார்.

அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று, "பொழுது போவுது, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. அப்பா இந்த விஷயத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை. கல்யாண வீட்டிலும் ரயிலிலும்கூடச் சாப்பாட்டுக்காக நேரத்தைப் பார்த்தவர். வண்டி அம்மாவைத் தாண்டிப் போயிற்று. அப்பா காதில் எஞ்சின் சத்தம் தவிர வேறெதுவும் விழுந்திருக்காது என்று அப்போது நினைத்தேன். அடுத்த முறை தாண்டும்போது அவர் அம்மாவைப் பார்த்துக் கையை அசைத்தார்.

பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது. அதற்குள் வெளிச்சம் போயிருந்தது. அம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டிருந்தார். அன்று இரவு நாங்கள் மூன்று பேரும் சாப்பிடவில்லை.

அப்பா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "காலையில ஸ்பேனர் எடுத்துக்கினு கிணத்தாண்ட வந்துடு. அடியில மரக்கட்ட போட்டு எஞ்சின எறக்கலாம்."

"சரிப்பா."

"வலது பக்கம் ரெண்டு போல்ட்டு ஜாஸ்தியா போடு. அந்தப் பக்கம் இழுக்குது."